முட்டை இல்லை என்றால் ராணி இல்லை என்று அர்த்தமா?

கேள்வி: சார், வணக்கம். எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டம், அருமனை பக்கம். வீட்டை ஒட்டி அரை ஏக்கர் ரப்பர் தோட்டம். பயிற்சி முடித்துவிட்டு அக்டோபரில் இரண்டு தேனீப் பெட்டி வாங்கி வைத்தேன். இரண்டும் நம் நாட்டுத் தேனீதான். நவம்பர் 16 அன்று திறந்தபோது இரண்டிலும் முட்டை, புழு எல்லாம் நன்றாக இருந்தது. மழையால் அப்புறம் திறக்கவில்லை. டிசம்பர் 5 அன்று பார்த்தால் இரண்டாம் பெட்டியில் ராணியைக் காணோம். முட்டையும் இல்லை, புழுவும் இல்லை. ஓரங்களில் கொஞ்சம் மூடிய அறைகள் மட்டும் உண்டு. ஒரு அடையின் நடுவில் நிலக்கடலை மாதிரி மூன்று கூடுகள் தொங்கின. ஒன்றின் நுனி வட்டமாகத் திறந்திருந்தது. மற்ற இரண்டும் பக்கவாட்டில் கிழிந்திருந்தன. தேனீக்களின் எண்ணிக்கை அவ்வளவாகக் குறையவில்லை, ஆனால் சிடுசிடுப்பாக இருக்கின்றன. ஓடிப்போய்விடுமோ என்று பயந்து டிசம்பர் 3 முதல் வாசலில் ராணித் தடுப்புத் தகடு (வேலைக்காரத் தேனீ மட்டும் நுழையும் இடுக்கு உள்ளது) மாட்டியிருக்கிறேன். வாசலுக்கு உள்பக்கம் கறுப்பாகச் சில பெரிய ஈக்கள் செத்துக் கிடக்கின்றன. ஒருவர் முட்டையிடும் ராணி தருவதாகச் சொல்கிறார். வாங்கிவிடட்டுமா, இல்லை இரண்டு பெட்டியையும் ஒன்றாகச் சேர்த்துவிடட்டுமா? ஜனவரியில் ரப்பர் தேன் தொடங்கும் என்பதால் கவலையாக இருக்கிறது. இந்தப் பெட்டியில் மேலே கொஞ்சம் தேன் இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: சகோதரி, முதலில் ஒரு வேலை. இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே போய் அந்தத் தகட்டைக் கழற்றிவிட்டு வாருங்கள். மற்ற எல்லாவற்றையும் நிதானமாகப் பேசலாம், இது மட்டும் காத்திருக்காது.

காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அந்தப் பெட்டியில் ராணி இல்லை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இளம் ராணி ஒன்று உள்ளே இருக்கிறது, அது இன்னும் வெளியே பறந்து இணை சேரவில்லை என்றே நினைக்கிறேன். அதன் வழியைத்தான் தகடு அடைத்துக்கொண்டிருக்கிறது.

எதை வைத்துச் சொல்கிறேன்? அந்த மூன்று கூடுகளை வைத்துத்தான். அவை ராணியை வளர்க்கக் கட்டிய ராணி அறைகள். ராணி அறையிலிருந்து ராணி தானாக வெளியே வரும்போது நுனியை உள்ளிருந்தே வட்டமாகக் கடித்து வரும். சில சமயம் அந்த வட்டத் துண்டு ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு ஆடுவதைக்கூடப் பார்க்கலாம். முதலில் வந்த ராணி மற்ற ராணி அறைகளைச் சும்மா விடாது. பக்கவாட்டில் துளை போட்டு உள்ளே இருப்பதைக் கொட்டிக் கொல்லும். வேலைக்காரத் தேனீக்கள் அந்தத் துளையைப் பெரிதாக்கி உள்ளே இருப்பதை வெளியே இழுத்துப் போட்டுவிடும். ஒன்று நுனி வட்டமாகத் திறந்தது, இரண்டு பக்கவாட்டில் கிழிந்தவை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒருத்தி வெளியே வந்தாள், இரண்டு பேரை முடித்துவிட்டாள் என்று அதற்கு அர்த்தம். ராணியைக் கண்ணால் பார்த்ததற்கு அடுத்தபடியான சாட்சி இது.

கூடுகள் அடையின் நடுவில் இருந்தன என்பதும் முக்கியம். கூட்டம் பிரிவதற்காகக் கட்டும் ராணி அறைகள் பெரும்பாலும் அடையின் கீழ் விளிம்பில் வரிசையாகத் தொங்கும். அப்படிப் பிரிந்திருந்தால் பழைய ராணியோடு பாதி ஈக்கள் போயிருக்கும், பெட்டி இளைத்தது உங்களுக்கே தெரிந்திருக்கும். நடுவில் இரண்டு மூன்று மட்டும் இருந்தால், ராணி திடீரென்று செத்துப்போய், இருக்கிற வேலைக்காரப் புழுக்களில் ஒன்றிரண்டைத் தேர்ந்தெடுத்து அந்த அறையையே நீட்டி அவசரத்துக்கு ராணி வளர்த்திருக்கின்றன என்று பொருள். ராணி செத்தது அநேகமாக நவம்பர் 16 அன்றோ அதை ஒட்டியோதான். அடையைத் தாங்கும் மரச் சட்டத்தைத் தூக்கும்போது பக்கத்துச் சட்டத்தில் உரசி ராணி நசுங்குவது புதியவர்களுக்கு மட்டுமல்ல, பல வருடம் பெட்டி வைத்திருப்பவர்களுக்கும் நடக்கிற விஷயம். இனி திறக்கும்போது ஓரத்துச் சட்டத்தை முதலில் எடுத்துத் தனியே வைத்துவிட்டு, கிடைத்த இடைவெளிக்குள் மற்றவற்றை நகர்த்திப் பார்த்தால் அந்த ஆபத்து பெருமளவு குறையும்.

இப்போது நாள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நம் நாட்டுத் தேனீயில் வேலைக்காரத் தேனீ முட்டையிலிருந்து வெளியே வர 18 முதல் 20 நாள் ஆகும். 3 நாள் முட்டை, நான்கைந்து நாள் புழு, மீதி நாள் மூடிய அறைக்குள். நவம்பர் 16 அன்று இட்ட கடைசி முட்டை டிசம்பர் 4 முதல் 6 வாக்கில் ஈயாக வெளியே வந்திருக்க வேண்டும். நீங்கள் 5 ஆம் தேதி திறந்தபோது ஓரத்தில் கொஞ்சம் மூடிய அறைகள் மட்டும் மிச்சம் இருந்தன. கணக்கு அப்படியே பொருந்துகிறது. ராணிக்கு மொத்தம் 15, 16 நாள்தான். ஆனால் அவசர ராணியை முட்டையிலிருந்து தொடங்காமல், ஏற்கெனவே பொரித்த இளம் புழுவிலிருந்து தொடங்குவதால், ராணி இறந்த 11, 12 ஆம் நாளிலேயே புது ராணி வந்துவிடும். அப்படியானால் உங்கள் ராணி நவம்பர் 27, 28 வாக்கில் பிறந்தவள். நீங்கள் பெட்டியைத் திறந்த அன்று அவளுக்கு ஒரு வாரம்தான் வயது. ராணி பிறந்த ஐந்தாறு நாளுக்குப் பிறகுதான் இணை சேரப் பறக்கும். அதாவது அவள் வெளியே போக வேண்டிய அதே நாட்களில் நீங்கள் வாசலைச் சுருக்கியிருக்கிறீர்கள்.

வாசலில் செத்துக் கிடக்கும் கறுப்பு ஈக்களும் இதையேதான் சொல்கின்றன. அவை ஆண் தேனீக்கள். உடல் பருமன், கண் பெரியது, தகட்டின் இடுக்கில் நுழைய முடியாது. மதியத்துக்கு மேல் வெளியே பறக்கப் பார்த்து, முடியாமல் முட்டி மோதிச் செத்திருக்கின்றன. அந்தத் தகடு, முட்டையிடுகிற ராணி உள்ள பெட்டி ஓடிப்போகாமல் இருக்கச் சில நாள் மாட்டுவதற்கு. இளம் ராணி இருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே மாட்டக் கூடாது.

“நான் நன்றாகத் தேடினேன், ராணி இல்லை” என்று நீங்கள் சொல்லலாம். இணை சேராத ராணியைத் தேடிக் கண்டுபிடிப்பது அனுபவசாலிக்கே கஷ்டம். வயிறு நீளாது, வேலைக்காரத் தேனீயைவிடக் கொஞ்சம்தான் பெரியதாக இருக்கும், ஓரிடத்தில் நிற்காமல் ஓடும். சுற்றி நின்று உபசரிக்கும் ஈக்கள் கூட்டமும் இருக்காது. போதாததற்கு நம் தேனீக்கு ஒரு குணம்: புகை கொஞ்சம் கூடிவிட்டால் அடையை விட்டு மொத்தமாக ஓடிப் பெட்டியின் மூலையில் கொத்தாகத் தொங்கும். ராணி அந்தக் கொத்துக்குள் இருந்தால் யாராலும் பார்க்க முடியாது. அதனால்தான் பயிற்சிக்கு வருபவர்களிடம், ராணியைத் தேடாதீர்கள், அடையைப் படியுங்கள் என்று சொல்வது. இன்னொன்று, இணையத்தில் நீங்கள் பார்க்கும் காணொளிகளில் பெரும்பாலானவை இத்தாலியத் தேனீயைப் பற்றியவை. அந்த ஈ அடையிலேயே அமைதியாக உட்கார்ந்திருக்கும். நம்முடையது அப்படி இல்லை. நாள் கணக்கும் கொஞ்சம் மாறும்.

சரி, ராணி இருக்கிறாள் என்று என் ஊகத்தை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். தேனீக்களிடமே கேட்டுவிடலாம். உங்களிடம் நல்ல பெட்டி ஒன்று இருப்பது பெரிய வசதி. அதிலிருந்து முட்டையும் அப்போதுதான் பொரித்த சின்னப் புழுவும் உள்ள ஒரு சட்டத்தை எடுங்கள். வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, சட்டத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் வெளிச்சம் அறையின் அடி வரை இறங்கும். முட்டை வெள்ளையாக, அறையின் அடியில் செங்குத்தாக ஒட்டி நிற்கும். நாள் ஆக ஆகச் சாய்ந்து, மூன்றாம் நாள் படுத்துவிடும். பொரித்த புழு ஒரு சொட்டுப் பால் போன்ற உணவில் மிதந்துகொண்டு, வளைந்து கிடக்கும். அறையை நிறைத்துக்கொண்டு தடித்துக் கிடக்கும் புழு நமக்கு உதவாது, அதற்கு வயது கடந்துவிட்டது.

அந்தச் சட்டத்தில் நல்ல பெட்டியின் ராணி ஏறியிருக்கிறதா என்று இரண்டு பக்கமும் நிதானமாகப் பாருங்கள். இதில் கவனம் பிசகினால் இரண்டு பெட்டியும் கெடும். பிறகு ஈக்களை ஒரு மெல்லிய இலைக்கொத்தால் தாய்ப்பெட்டிக்கே தள்ளிவிட்டு, வெறும் அடையாக இரண்டாம் பெட்டியின் நடுவில் வையுங்கள். சட்டத்தில் பேனாவால் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பெட்டியும் வேறு வேறு அளவாக இருந்து சட்டம் பொருந்தவில்லை என்றால், முட்டை உள்ள அடைப் பகுதியை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, காலியான சட்டம் ஒன்றில் பொருத்தி வாழை நாரால் கட்டிவிடுங்கள். ஓரிரண்டு நாளில் ஈக்களே மெழுகு வைத்து ஒட்டிக்கொண்டு, நாரைக் கடித்து எறிந்துவிடும்.

மூன்றாம் நாள் அந்த ஒரு சட்டத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். பெட்டியில் ராணியே இல்லை என்றால், இதற்குள் ஒன்றிரண்டு அறைகளின் வாயை அகலமாக்கிக் கீழ்நோக்கி வளைத்துக் கட்டத் தொடங்கியிருக்கும். அப்படி எதுவும் இல்லாமல் புழுக்களைச் சாதாரணமாக வளர்த்துக்கொண்டிருந்தால் ராணி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். சோதனை என்று வைத்தாலும் இந்தச் சட்டத்தால் வேறு இரண்டு நன்மையும் உண்டு. இளம் புழு உள்ள பெட்டியை விட்டு ஈக்கள் அவ்வளவு சீக்கிரம் ஓடாது. ராணி இல்லாத பெட்டியில் வேலைக்காரத் தேனீக்களே முட்டையிடத் தொடங்குவதையும் இளம் புழுவின் மணம் கொஞ்சம் தள்ளிப்போடும்.

ராணி அறை கட்டவில்லை என்றால் பெட்டியை மூடிவிட்டு, 10 நாளைக்குத் திறக்காதீர்கள். அதுதான் உங்களுக்குக் கஷ்டமான பகுதி என்று தெரியும். ஆனால் இணை சேரப் பறக்கும் ராணி மதியத்துக்கு மேல்தான் போய்வரும். அந்த நேரத்தில் பெட்டி திறந்து கிடந்தாலோ, மூடி இடம் மாறியிருந்தாலோ, முன்னால் நின்று வேடிக்கை பார்த்தாலோ திரும்பி வரும் ராணி குழம்பிப் பக்கத்துப் பெட்டிக்குள் நுழைந்துவிடும். அங்கே அவளுக்கு மரணம்தான். உங்கள் இரண்டு பெட்டியும் அடுத்தடுத்து ஒரே நிறத்தில் இருந்தால், இதன் வாசலுக்கு மேல் பளிச்சென்று ஒரு நிறத்தைப் பூசுங்கள், அல்லது ஒரு கிளையைச் செருகி வையுங்கள்.

மழை ஓய்ந்து வெயில் அடிக்கும் மதியங்கள் இரண்டு மூன்று கிடைத்தால் போதும். டிசம்பர் நம் பக்கம் கூட்டங்களைப் பிரிக்கும் காலம், ஆண் தேனீக்களுக்குப் பஞ்சமில்லை. ராணி பத்துக்கும் மேற்பட்ட ஆண்களோடு இணை சேர்ந்து, அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாளில் முட்டையிடத் தொடங்கும். வெளியே பஞ்சுருட்டான், கரிச்சான் போன்ற ஈ பிடிக்கும் பறவைகள் காத்திருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். போன ராணி எல்லாம் திரும்புவதில்லை.

டிசம்பர் 22 வாக்கில் ஒரு நல்ல வெயில் காலையில் திறந்து பாருங்கள். நடு அடையில் அறைக்கு ஒன்றாக, அடியின் மையத்தில் முட்டை இருந்தால் வேலை முடிந்தது. புது ராணி முதல் சில நாள் ஓர் அறையில் இரண்டு முட்டை வைப்பதும் உண்டு, அதற்குப் பயப்பட வேண்டாம். மாத முடிவு வரை முட்டையே காணோம் என்றால், ராணியைக் கண்ணால் பார்த்தாலும் நம்பாதீர்கள். பிறந்து ஒரு மாதம் இணை சேராமல் இருந்துவிட்ட ராணி அதற்கு மேல் சேராது. அது இடும் முட்டை எல்லாம் ஆண் தேனீயாகத்தான் பொரிக்கும்.

மூன்றாம் நாள் பார்க்கும்போது ராணி அறை கட்டியிருந்தால் என் ஊகம் தப்பு, உங்கள் ராணி பறந்து போன இடத்திலேயே தொலைந்துவிட்டது அல்லது வெளியே வந்த பிறகு வேறு ஏதோ ஆகிவிட்டது. அப்போதும் பதற வேண்டியதில்லை. அவற்றில் நல்ல தடிமனாக இருக்கும் இரண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள். மேலே சொன்ன அதே நாள் கணக்கை மறுபடி முதலிலிருந்து எண்ணுங்கள். பக்கத்தில் யாராவது கூட்டம் பிரிக்கிறார்கள் என்றால், நுனி மெழுகு உரிந்து பழுப்பு நிறம் தெரிகிற முற்றிய ராணி அறை ஒன்றைக் கேட்டு வாங்கி, அடியோடு வெட்டி, தலைகீழாகவோ சாய்வாகவோ பிடிக்காமல் கொண்டுவந்து உங்கள் அடையில் பதித்தால் ஒரு வாரத்துக்கும் மேல் மிச்சம். இதற்கு நம் பக்கத்தில் யாரும் பெரிதாகக் காசு கேட்பதில்லை.

முட்டையிடும் ராணியை விலைக்கு வாங்குவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். உள்ளே இளம் ராணி இருக்கும்போது இன்னொரு ராணியை விட்டால், ஈக்கள் புதியவளைச் சுற்றி உருண்டையாக மொய்த்து அழுத்தியே கொன்றுவிடும். காசும் போச்சு, ஒரு நல்ல ராணியும் போச்சு. சோதனைச் சட்டத்தில் ராணி அறை கட்டியதைக் கண்ணால் பார்த்த பிறகு வாங்குவதானால் வாங்குங்கள். அப்போதும் கட்டிய அறைகளையெல்லாம் அகற்றிவிட்டு, ராணியைச் சின்னக் கூண்டில் அடைத்து இரண்டு மூன்று நாள் அடைகளுக்கு நடுவே வைத்துப் பழக்கிய பிறகுதான் விட வேண்டும்.

நான் உண்மையில் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. ராணியும் இல்லை, இளம் புழுவும் இல்லை என்ற நிலை நீடித்தால் வேலைக்காரத் தேனீக்களே முட்டையிட ஆரம்பித்துவிடும். இத்தாலியத் தேனீயில் இதற்கு மூன்று நான்கு வாரம் ஆகும் என்பார்கள். நம் தேனீ ஒன்றிரண்டு வாரத்திலேயே தொடங்கிவிடும். ஓர் அறையில் நாலைந்து முட்டை, அதுவும் அடியில் இல்லாமல் சுவரில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். அவற்றின் வயிறு குட்டை, அடி வரை எட்டாது. மகரந்தம் வைத்த அறையில்கூட முட்டை கிடக்கும். சில நாள் கழித்து அங்கங்கே சிதறலாக, வேலைக்காரத் தேனீயின் சின்ன அறைகளிலேயே மூடி மேலே புடைத்துக்கொண்டு நிற்கும். நம் தேனீயின் ஆண் அறையை உற்றுப் பாருங்கள், கூம்பாக எழும்பிய மூடியின் உச்சியில் ஊசியால் குத்தியது மாதிரி ஒரு துளை இருக்கும். அந்தத் துளையுள்ள மூடி அடையின் ஓரத்தில் பெரிய அறைகளில் இருந்தால் இயல்பு. நடுவில், வேலைக்கார அறைகளில் சிதறிக் கிடந்தால் பெட்டி கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

அந்த நிலைக்குப் போன பெட்டிக்கு ராணி கொடுத்தால் ஏற்காது. தூரத்தில் கொண்டுபோய் ஈக்களை உதறிவிட்டால் முட்டையிடும் ஈ மட்டும் திரும்பத் தெரியாமல் அங்கேயே தங்கிவிடும் என்று ஒரு வைத்தியம் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, அவற்றில் பலவும் பறந்து வந்துவிடும். வாரம் ஒரு புழுச் சட்டம் என்று தொடர்ந்து கொடுத்தால் மூன்றாவது நான்காவது முறையில் ராணி கட்டத் தொடங்கும். ஆனால் இரண்டே பெட்டி உள்ளவர் அதைச் செய்தால் நல்ல பெட்டியும் மெலிந்துபோகும். உங்களுக்கு அப்போது சேர்ப்பதுதான் வழி.

சேர்ப்பதென்றால், ராணி உள்ள பெட்டி இருக்கும் இடத்தை மாற்றாதீர்கள். ராணி இல்லாத பெட்டியைத் தினமும் மாலையில் ஒன்றிரண்டு அடியாக நகர்த்தி அதன் பக்கத்தில் கொண்டுவாருங்கள். ஒரேயடியாக நகர்த்தினால் வெளியே போன ஈ பழைய இடத்துக்கே வந்து சுற்றும். பக்கத்தில் வந்ததும் ஒரு மாலை, ராணி உள்ள பெட்டியின் கீழ் அடுக்கான புழு அறையின் மேல் ஒற்றைச் செய்தித்தாளை விரித்து, குண்டூசியால் பத்துப் பன்னிரண்டு துளை போட்டு, லேசாகச் சர்க்கரைப் பாகு தடவி, ராணி இல்லாத அறையை அடிப்பலகை இல்லாமல் அதன் மேல் வையுங்கள். இரண்டு பக்கமும் தாளைக் கடித்துக் கிழிப்பதற்குள் மணம் கலந்துவிடும், சண்டை வராது. இரண்டு மூன்று நாள் கழித்துச் சட்டங்களை ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம். முட்டையிடும் வேலைக்காரத் தேனீக்கள் பெருகிவிட்ட பெட்டி என்றால் மட்டும் தாள் முறையை நம்ப வேண்டாம், நல்ல பெட்டியின் ராணிக்கே ஆபத்து. அந்த ஈக்களை நல்ல பெட்டியின் முன்னால் ஒரு துணியில் உதறிவிட்டு, காலிப் பெட்டியை எடுத்துவிடுங்கள். உள்ளே விடத்தக்கவற்றை வாசல் காவலே முடிவு செய்துகொள்ளும்.

அதுவரை பெட்டியைப் பட்டினி போடாதீர்கள். மழை நாட்களில் ஒரு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து, சிரட்டையில் ஊற்றி, ஈ முங்காமல் இருக்க நாலு குச்சியைப் போட்டு, இருட்டியதும் பெட்டியின் மேல் அடுக்கான தேன் அறைக்குள் வையுங்கள். வெளியே ஒரு சொட்டும் சிந்தக் கூடாது, சிந்தினால் நல்ல பெட்டி ஈக்களே வந்து கொள்ளையடிக்கும். புழு இல்லாத வெற்று அடைகளில் மெழுகுப் பூச்சி ஏறும். ஈக்கள் மூடிக்கொள்ள முடியாத அடைகளை எடுத்துவிட்டு, இருக்கும் கூட்டத்துக்கு ஏற்றபடி பெட்டியை நெருக்கமாக வைத்திருங்கள்.

ரப்பர் தேனைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எல்லாம் நல்லபடியாக நடந்து ராணி டிசம்பர் மூன்றாம் வாரம் முட்டையிட்டாலும், அந்த முட்டை ஈயாக வருவது ஜனவரி முதல் பத்து நாட்களில். அது வெளியே போய்த் தேன் கொண்டுவர இன்னும் இரண்டு மூன்று வாரம். ரப்பர் இலை உதிர்ந்து புதுத் தளிர் விட்டு, இலைக்காம்பில் தேன் சுரக்கத் தொடங்கும் முதல் நாட்களை இந்தப் பெட்டி தவறவிடும். பிப்ரவரி, மார்ச்சில் கொஞ்சம் பிடிக்கலாம். இந்த வருடம் முதல் பெட்டியை நம்புங்கள், இரண்டாவது பிழைத்து வந்தாலே லாபம்.

மேலே இருக்கும் தேனை எடுக்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். புது ராணியின் முதல் புழுக்களுக்கு அதுதான் சாப்பாடு. வெயில் நிலைத்து, மகரந்தம் சுமந்து வரும் ஈக்கள் வாசலில் கூடி, புழு அறை நிறைந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.